ஒற்றை இழுவை முடிச்சும் ஒரு பல் கதிரையும்

என் பிரியாவிடைக் கூட்டத்தில், சேவைக்காலம் முழுவதும் ஒரு விபத்தும் இல்லாத சாரதி என்று என்னைப் பாராட்டினார்கள். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். கழுத்தில் மாலை, கையில் வாழ்த்து மடல், முன்னால் கேக். அந்த நேரத்தில் எழும்பி "அது பொய்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேக்கும் நல்ல கேக்.

ஆனால் மேடையில் இருந்த ஒருவருக்கு அது பொய் என்று தெரியும். அவர் யார், அப்போது என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த நாள் லொறிச் சாவியை ஒப்படைக்க வந்தேன். முற்றத்தில் உங்களில் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டர்களைக் கயிற்றால் கட்டி, பிறகு சுலபமாக அவிழ்க்கலாம் என்று கயிற்றின் நுனியை வெளியே தொங்கவிட்டிருந்தார். யாரென்று எழுதமாட்டேன், அவருக்குத் தெரியும். அந்த நுனியைக் கண்டதும் சாவியைக் கொடுத்த கையோடு திரும்பினேன். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னாமல் இதை எழுதத் தொடங்கினேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் பிறந்திருக்காத காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம், நகரம் இருக்கும் எழுவான்கரையில், ராணுவம். அந்தப் பக்கம் படுவான்கரையில் பொடியள், இயக்கப் போராளிகளை அப்படித்தான் சொல்வோம். நடுவில் தண்ணீர். தண்ணீரைக் கடக்க 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவை. இரண்டு தோணிகளுக்கு மேல் பலகை அடித்தது, இரண்டு பேர் நீளக் கம்பு ஊன்றித் தள்ளுவார்கள். இரண்டு கரையிலும் சோதனை. நான் ஆஸ்பத்திரிச் சாமான் ஏற்றும் லொறியின் சாரதி.

அப்போது என்னிடம் ஒரு இரும்புத் தட்டு இருந்தது. சாப்பாட்டுத் தட்டின் அளவு, விரல் கனம், நடுவில் ஒரு வளையம், நாலு மூலையிலும் போல்ட் போட ஓட்டை. ஏறாவூரில் வெல்டிங் கடை வைத்திருந்த ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், செய்து தந்தது. அவரும் நானும் ஒரே வயதுக்காரர். எங்கள் தமிழ் ஊருக்கு அவரும் அவருடைய முஸ்லிம் ஊருக்கு நானும் போகப் பயந்த மாதங்களும் அந்தக் காலத்தில் இருந்தன, அதையும் மறைக்கத் தேவையில்லை. அப்போதும் ஆஸ்பத்திரி வாசலில் சந்தித்து, சாமானைக் கைமாற்றிக்கொண்டு, ஆளையாள் ஏசிவிட்டுப் போவோம். உடைந்த பாலம் ஒன்றின் தகட்டில் இருந்து அந்தத் தட்டை வெட்டியதாகச் சொன்னார். எந்தப் பாலம் என்று நான் கேட்கவில்லை.

தட்டோடு ஒரு செம்மஞ்சள் நைலோன் பட்டியும் தந்தார். அவருடைய தம்பி கட்டாரில் இருந்து கொண்டுவந்தது. அதன் நடுவில் ஒரு பற்சக்கரப் பூட்டு. கைபிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'கிளிக், கிளிக்' என்று பட்டி இறுகிக்கொண்டே போகும், தானாக இளகாது. காக்கா இரண்டையும் என் கையில் வைத்து ஒன்று சொன்னார்.

"தம்பி, இந்தத் தட்ட எதுலயும் பூட்டலாம். பூட்டுறதுக்கு முதல்ல சாமானப் பாத்து ஒரு கேள்வி கேளுங்க: நீ எந்தப் பக்கம் போகப் பாக்கிறாய்? முன்னுக்கா, பக்கத்துக்கா, மேலயா? அது போகப் பாக்கிற பக்கத்துக்குக் கட்டுங்க. உங்களுக்கு வசதியான பக்கத்துக்குக் கட்டாதீங்க."

சாமானோடு பேச எனக்கென்ன பைத்தியமா என்று சிரித்துவிட்டு வந்தேன்.

அந்தத் தட்டு செய்த உத்தியோகம் கொஞ்சமில்லை. லொறியின் அடிப்பலகையில் பூட்டி, தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டியை நிமிர்ந்தபடி கொண்டுபோனேன். ஒரு கிராமத்துக் கிளினிக்கில் காற்றுக்குக் கூரைத் தகரம் எழும்பிப் பறக்கப் பார்த்தபோது, தட்டைச் சுவர் வளையில் பூட்டித் தகரத்தை இழுத்துக் கட்டினேன். கல்குடாவில் ஜீப் ஒன்று மணலில் புதைந்தபோது தென்னங்குற்றியில் பூட்டிப் பட்டியால் இழுத்தோம். ஒரு கலியாண வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டியும் அதில் பயணம் செய்தது, அது அலுவலகத்துக்குத் தெரியாது. ஒரு கிடா ஆட்டையும் கட்டினேன். அது ஊர் போய்ச் சேருவதற்குள் பட்டியில் ஒரு விரலளவு மென்றிருந்தது.

ஆனால் உண்மையைச் சொன்னால், பட்டியை நான் அதிகம் பாவிக்கவில்லை. காரணம் சோதனைச்சாவடி. ஒவ்வொரு சாவடியிலும் ஏற்றிய அத்தனையும் அவிழ்த்துக் காட்டவேண்டும். இறுக்கிக் கட்டியவன் வெயிலில் காய்வான், அவனுக்குப் பின்னால் நிற்பவன் ஏசுவான், காவலில் நிற்பவனுக்குச் சந்தேகம் வரும். ஆகவே எங்கள் பகுதிச் சாரதிமார் எல்லோரும் ஒரு முடிச்சுப் பழகியிருந்தோம். கயிற்றை வளையத்துக்குள் மடித்துச் செருகி நுனியைத் தொங்கவிடுவது. நுனியை ஒரு இழுவை இழுத்தால் முழுக் கட்டும் விழுந்துவிடும். ஒற்றை இழுவை முடிச்சு. அதில் நான் ராசா. சாவடியில் லொறி நிற்க முன்னமே கட்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பேன். மற்றச் சாரதிமார் என்னைக் காட்டிப் பேசுவார்கள். அந்தப் பெருமையில்தான் நான் நாலு வருடம் மிதந்தேன்.

இப்போது கதிரைக்கு வருகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பழைய பல் கதிரை ஒன்று கிடந்தது. வட்டமான இரும்பு அடி, சாய்கிற முதுகு, தலை வைக்க ஒரு பிடி. பக்கத்து மிதியை மிதித்தால் ஆளோடு மேலே எழும்பும். நாலு பேர் மூச்சுப் பிடித்துத்தான் தூக்கலாம். புதுக் கதிரை வந்தவுடன் பழையதைப் படுவான்கரைச் சிற்றாஸ்பத்திரி ஒன்றுக்குக் கொடுப்பது என்று முடிவானது. அந்தக் கரையில் பல் கதிரை என்று ஒன்று அதற்கு முதல் இருக்கவில்லை. பல்வலி வந்தவன் கிராம்பைக் கடித்துக்கொண்டு இரண்டு சோதனையைத் தாண்டி நகரத்துக்கு வரவேண்டும். அடையாள அட்டை இல்லாதவன் கிராம்பை மட்டும் கடிக்கவேண்டும்.

இதை முடிவாக்கியது எங்கள் பல் டொக்டர். கல்முனைப் பக்கத்துப் பெண்பிள்ளை, எனக்கு ஏழெட்டு வயது இளையவர், முதல் நியமனம். புறப்படுவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணன், கரடியனாத்தில ஒரு பொம்புள இரிக்கா. போன முறை போனப்போ பள்ளிக்கூட வாங்கில இருத்திப் பல்லுப் புடுங்கப் பாத்தன். தல ஆடிட்டு. பல்லு உடஞ்சி வேர் உள்ள நிண்டுட்டு. இப்ப முகம் வீங்கிச் சீழ் கழுத்துக்கு இறங்குதாம். அட்டை தொலஞ்சதால இஞ்சால வர ஏலா. நாளைக்கு அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி இரிக்கன். கதிர போனாத்தான் நான் அந்த வேர எடுக்கலாம்."

"பிந்தினா என்ன டொக்டர்?"

"கழுத்தில இறங்கிட்டா மூச்சடைக்கும்" என்றார். அது தன்னால் வந்தது என்று அவர் நினைத்தார். வாயால் சொல்லவில்லை, முகம் சொன்னது.

எங்களுக்குக் கிடைத்த பாஸ் அந்த ஒரு நாளுக்கு மட்டும். அடுத்த பாஸ் எப்போது என்று கடவுளுக்கும் தெரியாது. பாஸில் மூன்று பெயர்: டொக்டர், நான், எங்கள் பண்டகசாலை ஐயா. பண்டகசாலை ஐயா என்பது ஆஸ்பத்திரிச் சாமான் எல்லாவற்றுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர். வெள்ளை நீளக் காற்சட்டை, கக்கத்தில் குடை, சட்டைப் பையில் நாலு பேனை. கதிரையை முறைப்படி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதற்காக வந்தார். லொறியில் ஏறமுன் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"சாரதி, இது அரச சொத்து. கதிரைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் உம்மட பேரத்தான் எழுதுவன். வேலை போகும்."

அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர். ஒரு துடைப்பம் முறிந்ததற்கு மூன்று பக்கம் எழுதியவர்.

டொக்டரின் பிடிவாதத்தால் அன்றைக்குப் பட்டியைப் போட்டேன். தட்டு லொறிப் பலகையில், பட்டி கதிரையின் அடியில், பூட்டை ஆட்டி இறுக்கியாயிற்று. நாவற்குடாவில் என் வீட்டு வாசலைத் தாண்டும்போது மனைவி எட்டிப் பார்த்தாள். லொறிக்கு மேலே ஒரு சாய்வு கதிரை தனியே பிரயாணம் செய்வதைக் கண்டு, யாரோ அமைச்சர் வரப்போகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாளாம்.

பாதைத் துறையில் பெரிய சோதனைச்சாவடி. அங்கே பொறுப்பில் நின்ற கோப்ரல் தாடையைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தான். முகம் ஒரு பக்கம் பூசணிக்காய்.

"அவிழ்த்துக் காட்டு."

வேறு நாளென்றால் ஒரு இழுவை. அன்று பற்சக்கரத்தோடு மல்லுக்கட்டினேன். அதை இளக்குவதற்கு முதல் கொஞ்சம் இறுக்கவேண்டும். 'கிளிக், கிளிக்' என்றது. அவ்வளவுதான், ஆறு பேர் நிலத்தில் படுத்தார்கள், ஆறு துப்பாக்கியும் என்னை நோக்கி. துப்பாக்கி ஏற்றும் சத்தம் என்று நினைத்துவிட்டார்கள். நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். பண்டகசாலை ஐயா லொறிக்கு அடியில் இருந்தார், எப்போது போனார் என்று தெரியாது. டொக்டர் மட்டும் நின்ற இடத்தில் நின்று, பட்டியைத் தூக்கிக் காட்டி, "பெல்ட், பெல்ட்" என்று சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவான ஒரு சொல்லைச் சொன்னார்.

கோப்ரல் எழும்பிவந்து பட்டியைப் பார்த்தான். கதிரையைப் பார்த்தான். பாஸைப் படித்தான். படித்து முடிய அவன் குரல் வேறு ஆளின் குரல், டொக்டர் சிங்களத்தில் 'நோனா', அதாவது அம்மணி ஆகிவிட்டார்.

"டொக்டர் நோனா, பல்லு டொக்டரா?"

"ஓம்."

"மூணு நாள் நித்திரை இல்ல நோனா."

துப்பாக்கியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு லொறியில் ஏறிக் கதிரையில் சாய்ந்து வாயைப் பிளந்தான். எனக்கு நேரம் போகிற கவலை. அக்கரையில் ஒரு பெண்ணுக்குக் கழுத்து வீங்கிக்கொண்டிருக்கிறது, இங்கே இவன் வாயைத் திறக்கிறான். டொக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஊசி எடுத்தார். வாய் மரக்கக் காத்திருந்து, பிடுங்கி, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். முக்கால் மணித்தியாலம் போனது. பிடுங்கிய பல்லைக் கோப்ரல் பையில் போட்டுக்கொண்டு, நாலு பேரை விட்டுக் கதிரையைப் பாதையில் ஏற்றித் தந்தான். வாயில் பஞ்சோடு ஒரு கட்டளையும் போட்டான்.

"அந்த கிளிக் சத்தம் தண்ணியில வேணாம். அங்கால பங்கரில நிக்கிற ஆளுக்குத் தெரியாது. சுடும்."

டொக்டர் பட்டியைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்தார். எனக்கோ உள்ளுக்குள் மகா சந்தோசம். கயிறு! என் முடிச்சு!

லொறிக்கு அக்கரை போக அனுமதியில்லை. ஆகவே தட்டைக் கழற்றிப் பாதையில் பூட்டவேண்டும். பலகையில் துளை போடக் கருவியை எடுத்ததும் கம்பு ஊன்றும் பெரியவர் பாய்ந்து வந்தார்.

"மனே, பாதையில ஓட்டை போடாத. முந்தி வின்ச் பூட்டின ஓட்டை அந்தா ஓரத்தில இரிக்கு, அதுல பூட்டு."

ஓரம். தண்ணீருக்கு மூன்று அடி. நாலு போல்ட்டில் இரண்டுதான் பொருந்தியது, மற்ற இரண்டுக்கும் கம்பி சுற்றினேன். தட்டு அசையாமல் நின்றது, அதில் குறை சொல்ல முடியாது. பிறகு லொறியில் கட்டுவது போலவே முன்னுக்கும் பின்னுக்கும் கயிற்றைக் கொண்டுபோய், என் பேர்பெற்ற முடிச்சைப் போட்டு, நுனியைக் கதிரையின் கைப்பிடியில் அழகாகத் தொங்கவிட்டேன். அக்கரைச் சோதனையில் உடனே அவிழ்க்கலாம் அல்லவா. காக்காவின் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதிரை பதில் சொல்லியிருக்கும்: லொறிதான் பிரேக் பிடித்தால் முன்னுக்குத் தள்ளும், பாதை பக்கவாட்டில் சரியும்.

டொக்டர் நுனியைப் பார்த்தார். "அண்ணன், இத ஆரும் புடிச்சு இழுத்தா?"

"ஆரு டொக்டர் இழுக்கப்போறா?" என்றேன். நாலு வருட அனுபவம் பேசியது.

சைக்கிளோடு நாலைந்து பேரும் நாங்கள் மூவரும். பாதை நகர்ந்தது. மேற்கில் இருந்து கச்சான் காற்று முகத்தில் அடித்தது. நடுவாவிக்குக் கிட்ட வரும்போது திரும்பிப் பார்த்தால், பண்டகசாலை ஐயா கதிரையில் சாய்ந்திருக்கிறார். கையில் விரித்த குடை.

"ஐயா, அதில இரிக்க வேணாம்."

"தம்பி, ஒப்படைக்கிற சாமான் வேலை செய்யுதா எண்டு பாக்கிறது என்ட கடமை" என்று சொல்லிக்கொண்டு மிதியை மிதித்தார். கதிரை எழும்பியது. இன்னொரு மிதி. இன்னும் எழும்பியது. வெள்ளைக் காற்சட்டையும் குடையுமாக மட்டக்களப்பு வாவிக்கு மேலே சிம்மாசனத்தில் இருந்தார். சைக்கிள்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

காற்று குடைக்குள் புகுந்தது. பாதை ஒரு பக்கம் சரிந்தது. உயரத்தில் இருந்த மனிதருக்குப் பிடிக்க ஏதாவது வேண்டும். கைக்கு எட்டிய இடத்தில் ஒரு கயிற்று நுனி, அழகாக, தயாராக. அவர் குடையை விடாமல் மற்றக் கையால் பிடித்து இழுத்தார்.

முடிச்சு என் பெயரைக் காப்பாற்றியது. ஒரே இழுவை.

கதிரை ஈரப்பலகையில் வழுக்கிக்கொண்டு போனது. ஓரத்தில் அடி பாதி தண்ணீருக்கு மேலே தொங்க, நான் விழுந்தடித்து ஒரு கையால் கதிரையின் கைப்பிடியைப் பிடித்தேன், மற்றக் கையால் ஐயாவின் இடுப்புப் பட்டியைப் பிடித்தேன். டொக்டர் அந்தப் பக்கம் தலைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்காலை ஊன்றி நின்றார். ஐயாவின் பாரமும் சேர்ந்து கதிரையை இழுத்தது. "சாரதி, விடாத! சாரதி, விடாத!" என்று அவர் கத்துகிறார். கதிரை ஒவ்வொரு விரலாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு பக்கம் மேலதிகாரி. மறுபக்கம் கதிரை. கதிரை போனால் அக்கரையில் அந்தப் பெண் போவாள். எனக்கு மூளை வேலை செய்யவில்லை, இரண்டையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் இழந்துகொண்டிருந்தேன். அப்போது டொக்டர் கத்தினார்.

"அண்ணன், ஆள விடுங்க! கதிரயப் புடிங்க! ஆள் நீந்துவார், கதிர நீந்தாது!"

விட்டேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் கீழ்ப்படிந்த ஒரே கட்டளை அதுதான். குடை முதலில் போனது, ஐயா பின்னால் போனார். பாரம் குறைந்ததும் நானும் டொக்டரும் கதிரையை ஒரு முழம் உள்ளே இழுத்தோம். "புடிச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு டொக்டர் பைக்குள் கையை விட்டுப் பட்டியை எடுத்து, கதிரையின் அடித்தண்டைச் சுற்றி, என் தட்டின் வளையத்துக்குள் விட்டு, பூட்டை ஆட்டினார்.

கிளிக். கிளிக். கிளிக்.

வாவி முழுவதும் அந்தச் சத்தம்தான் கேட்டது என்று எனக்குப் பட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இந்தக் கரையில் கோப்ரல் பஞ்சு கடித்த வாயோடு துறை விளிம்புக்கு ஓடிவந்து, இரண்டு கையையும் ஆட்டித் தன் ஆட்களை அடக்கிக்கொண்டிருந்தான்.

"முதலை! முதலை!" என்று தண்ணீருக்குள் இருந்து ஒரு குரல்.

கம்பு ஊன்றும் பெரியவர் கம்பை நிறுத்தாமலே சொன்னார். "ஐயா, எழும்பி நில்லுங்க. நெஞ்சளவு தண்ணிதான்."

ஐயா எழும்பி நின்றார். நெஞ்சளவும் இல்லை.

அக்கரையில் சோதிக்க நின்ற இரண்டு பொடியளும் மர நிழலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். சிரித்த சிரிப்பில் சோதனையை மறந்துவிட்டார்கள். ஐயாவுக்கு இடுப்பில் உடுத்த ஒருவன் தன்னுடைய மாற்றுச் சாரத்தைக் கொடுத்தான்.

அங்கிருந்து டிரக்டரின் பின்பெட்டியில் பயணம். தட்டை மறுபடி கழற்றி மறுபடி பூட்டினேன். இந்த முறை கதிரையின் முன்னால் குந்தி, "நீ எந்தப் பக்கம் போகப் பாக்கிறாய்?" என்று கேட்டேன். டிரக்டர்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்த ரோட்டில் பள்ளங்களைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை, கதிரை மேலேதான் துள்ளப் பார்க்கும். ஆகவே பட்டியைத் தாழ்வாக, கீழ்நோக்கி இழுத்து, இனி ஏலாது என்ற மட்டும் இறுக்கினேன். அவிழ்க்க எவ்வளவு நேரம் செல்லும் என்று அன்றுதான் முதல்முறையாக நான் யோசிக்கவில்லை.

சிற்றாஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண் வேப்பமர வேரில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தா. முப்பது வயதிருக்கும். முகமா கழுத்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பதினொரு நாளாகக் கஞ்சித் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை என்று கணவன் சொன்னான். சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

கதிரையின் அடியைத் தரையில் இறுக்கும் போல்ட்கள் எந்தக் காலத்திலோ தொலைந்திருந்தன. ஆஸ்பத்திரித் தரை சீமெந்து முழுக்க வெடிப்பு, வாசற்படிக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் திடமான இடம். தட்டை அங்கே பதித்துப் பட்டியால் கதிரையை அமர்த்தினேன். ஆகவே கதிரை கதவைப் பார்த்து நின்றது. நோயாளிக்கு ஓட வசதி என்று டொக்டர் சொன்னார். சிரிக்கவில்லை, கை கழுவிக்கொண்டு சொன்னார்.

கரண்ட் இல்லை. டோர்ச் பிடிக்க ஆள் வேண்டும். நான் கதிரையின் பின்னால் தலையைப் பிடித்திருந்தேன். ஈரத் தலையும், பொடியனின் பூப்போட்ட சாரமுமாக, பண்டகசாலை ஐயா முன்னால் வந்து டோர்ச்சை வாங்கினார். துடைப்பத்துக்கு மூன்று பக்கம் எழுதிய மனிதரின் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஒளி மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

சீழுக்குள் ஊசி மருந்தும் சரியாகப் பிடிக்காது என்று எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பெண் வேதனையில் காலை ஊன்றி முழுப் பலத்தோடும் எழும்பப் பார்த்தா. இரண்டு ஆண்கள் தள்ளிய மாதிரி இருந்தது. கதிரை அசையவில்லை. பட்டி ஒரு முறை முனகியது, தட்டு பிடித்திருந்தது. வேர் வந்தது. அதோடு வந்த சீழைப் பற்றி எழுதமாட்டேன், நீங்கள் சாப்பிடும் நேரமாக இருக்கலாம்.

அவ கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தா. டொக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் கண்ணைத் திறந்து, பஞ்சுக்குள்ளால் கேட்ட முதல் கேள்வி: "பசிக்குது. சோறு இரிக்கா?"

டொக்டர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து அழுதார். நான் பார்க்காதது போல் ஸ்பானரைத் தேடினேன்.

திரும்பி வரும்போது, ஐயாவின் சட்டைப் பையில் இருந்த பாஸ் நனைந்து மை எல்லாம் ஓடியிருந்தது. கோப்ரல் அதைப் பிடித்து வெயிலுக்குக் காட்டினான். படிக்க ஒன்றும் இருக்கவில்லை. சாரத்தோடு நின்ற ஐயாவைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்து பல் போன இடத்தைப் பெருமையோடு எங்களுக்குக் காட்டிவிட்டுத் தடையைத் தூக்கினான்.

அன்றிரவு நான் வேலை போகும் என்றுதான் படுத்தேன். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. 'கதிரை எவ்வித சேதமுமின்றி ஒப்படைக்கப்பட்டது. பிரயாணத்தில் குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் இல்லை.' ஒரு பக்கமும் முழுதாக இல்லை. என் முடிச்சைப் பற்றி எழுதினால் தன் சிம்மாசனத்தைப் பற்றியும் எழுதவேண்டும் என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. டோர்ச் பிடித்த பிறகு அந்த மனிதர் துடைப்பங்களை மன்னிக்கத் தொடங்கிவிட்டார்.

தட்டையும் பட்டியையும் நான் திருப்பிக் கொண்டுவரவில்லை. காக்காவிடம் போய் இன்னொன்று கேட்டேன். "பழையதுக்கு என்ன வந்த?" என்றார். கதையைச் சொன்னேன். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிலத்தில் குந்திச் சிரித்தார். சிரித்து முடித்து, "அப்ப சாமானோட பேசினீங்களா?" என்று கேட்டார். பேசினேன் என்றேன்.

இதில் உங்களுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்றுதான். நாலு வருடமாக நான் நன்றாகக் கட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். நான் கட்டியது சாமானுக்காக அல்ல, அதை அவிழ்க்கச் சொல்பவனுக்காக. அவனுக்குப் பயந்து, அவன் முகம் சுழிக்காமல் இருக்க, அவனுடைய நேரம் வீணாகாமல் இருக்க. அந்தப் பயம் அந்தக் காலத்தில் நியாயமான பயம்தான். ஆனால் பயம் பழக்கமாகி, பழக்கம் கெட்டித்தனமாகி, கெட்டித்தனத்துக்குக் கைதட்டலும் கிடைத்தபோது, கட்டு எதற்கு என்பதே எனக்கு மறந்துவிட்டது. இன்றைக்குச் சாவடி இல்லை. ஆனாலும் உங்கள் முற்றத்தில் அந்த நுனி தொங்குகிறது. யாரிடமோ பழகி, அவர் யாரிடமோ பழகி வந்திருக்கிறது. அந்த 'யாரோ' அநேகமாக நான்தான். ஆகவே நானே அதை அவிழ்க்கவேண்டும்.

இனிப் பிரியாவிடை மேடை. அதில் முன்வரிசையில் நரைத்த தலையோடு ஒரு பெண் டொக்டர் இருந்தாரே, பிரதம அதிதி, உங்களில் சிலர் பல்லைக் காட்டவே பயப்படுவீர்கள், அவர்தான் அந்தக் கல்முனைப் பிள்ளை. தலைவர் ஒலிவாங்கியில், "ஒரு விபத்தும் இல்லாத சாரதி" என்று வாசித்து எல்லோரும் கைதட்டினீர்கள். அவர் கைதட்டவில்லை. எனக்கு மாலை போட எழும்பி வந்தார். மாலையைக் கழுத்தில் விட்டு, அதன் நுனி இரண்டையும் கீழே பிடித்து இறுக்குவது போல ஒரு ஆட்டு ஆட்டி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி நாக்கைத் தட்டினார்.

கிளிக். கிளிக். கிளிக்.

நீங்கள் எல்லோரும் நான் பிரிவுத் துயரத்தில் அழுகிறேன் என்று நினைத்தீர்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். சிரிப்போடு மற்றதும் வந்துவிட்டது. கரடியனாற்றில் இருந்து ஒரு அம்மா, தலை முழுக்க நரைத்து, பின்வரிசையில் இருந்து எழும்பி, கேக் எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தா.